அடிநிரலகத் தெரிவும் தமிழ் அகரநிரலும்

முன்னுரை

எழுத்துக்களை நிரல்படுத்தும் முறை ஒவ்வொரு மொழியிலும் அதன் இலக்கண மரபோடு ஒன்றி நிற்பது. தமிழ் நெடுங்கணக்கு அகரத்தில் தொடங்கி னகரத்தில் முடியும் என்பது தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் வழக்கு. வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை இயற்றியபோதும், சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகளை வெளியிட்டபோதும், சொற்களை அடுக்கும் பொறுப்பு புலவரிடமே இருந்தது. இன்று அப்பொறுப்பைக் கணிப்பொறி ஏற்றுள்ளது. சொல்லடைவும் சுவடிப் பட்டியலும் ஊர்ப்பெயர்த் தொகுதியும் ஒரு விசையை அழுத்திய அளவிலே நிரல்பட்டு விடுகின்றன. அந்நிரல் எங்கிருந்து வருகிறது, அதனை அமைத்தவர் யார் என்னும் வினாக்கள் தமிழாய்வாளரிடையே பெரும்பாலும் எழுவதில்லை.

பெரம்பலூர் மாவட்டத்து ஊர்ப்பெயர்களை ஒருவர் அடுக்கப் புகுகின்றார் எனக் கொள்வோம். தமிழ் மரபின்படி அரும்பாவூர் முன்னும் அன்னமங்கலம் பின்னும் வரவேண்டும். ரகரம் இடையினத்தது, னகரமோ மெய்களின் இறுதியில் நிற்பது. ஆயின் சில கணிப்பொறிகள் அன்னமங்கலத்தை முன்னும் அரும்பாவூரைப் பின்னும் வைக்கின்றன. வேறு சில மரபு வழுவாமல் அடுக்குகின்றன. எழுத்துருவும் ஒன்றே, குறியேற்றமும் ஒன்றே, உள்ளிட்ட பெயர்களும் அவையே. வேறுபாடு இயங்குதளத்தின் அடியில் கிடக்கும் ஓர் உறுப்பிலிருந்து தோன்றுகிறது. அதனைக் கணிப்பொறியாளர் ‘சி லைப்ரரி’ என்பர். நாம் இக்கட்டுரையில் அடிநிரலகம் எனக் குறிப்போம். கட்டற்ற இயங்குதளங்களை அமைத்தவர்கள் தத்தம் அடிநிரலகத்தை எக்காரணம் பற்றித் தெரிந்தெடுத்தனர், அத்தெரிவு தமிழ் அகரநிரலை எவ்வாறு தாக்கியது என்பனவற்றை வரலாற்று முறையில் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அடிநிரலகத்தின் இயல்பு

அரும்பாவூர் மரச்சிற்பத்திற்குப் பெயர்பெற்ற ஊர்; அச்சிற்பங்கள் 2020-இல் புவிசார் குறியீடு பெற்றன. மா, வேம்பு, வாகை முதலிய மரங்களில் அங்குத் தெய்வத் திருமேனிகளும் தேர் உறுப்புக்களும் செதுக்கப்படுகின்றன. உளியை எடுக்குமுன் சிற்பி மரத்தைத் தெரிந்துகொள்கிறார். மரத்தின் நாரோட்டமும் உரமும் முடிந்த சிற்பத்தைக் காண்பார் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. எனினும் எவ்வளவு நுண்ணிய வேலை அதில் நிற்கும் என்பதனை அவையே வரையறுக்கின்றன. அடிநிரலகத்தின் நிலையும் ஏறத்தாழ இத்தகையதே.

இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னல், பொறியின் நினைவகத்தையும் வட்டையும் வலையிணைப்பையும் ஆள்வது. எழுதுவான் பயன்படுத்தும் சொற்செயலியும், நூலகத்தார் பயன்படுத்தும் தரவுத்தளமும் உட்கருவோடு நேரே பேசுவது அரிது. கோப்பைத் திற, நினைவகத்தில் இடம் ஒதுக்கு, இன்றைய நாளைக் கூறு, இவ்விரு சொற்களில் எது முந்தியது என்று ஒப்பிடு எனப் பல வேண்டுகோள்களை அவை அடிநிரலகத்திடமே விடுக்கின்றன. பொறியில் உள்ள நிரல்களுள் மிகப் பல இவ்வொன்றையே சார்ந்து நிற்றலின், பின்னர் இதனை மாற்றுதல் வீட்டின் கடைக்காலை மாற்றுதல் போன்ற அரிய செயலாகும். ஒரு நிரலகத்திற்கெனத் தொகுக்கப்பட்ட நிரல் மற்றொன்றின்மேல் பொதுவாக இயங்குவதில்லை. எல்லாவற்றையும் மீண்டும் தொகுத்தல் வேண்டும்.

மொழியைப் பொறுத்தவரை அடிநிரலகத்தின் ‘லோகேல்’ என்னும் பகுதி நமக்கு இன்றியமையாதது. இதனை வழக்கமைவு எனலாம். நாள், திங்கள் ஆகியவற்றின் பெயர்கள், பணக்குறி, எண்களைப் பிரித்தெழுதும் முறை, எழுத்து நிரல் என்பன அதன் கூறுகள். இவற்றுள் எழுத்து நிரலைக் கொண்டு இரு சொற்களை ஒப்பிடும் செயற்கூறு ‘ஸ்டர்கோல்’ எனப் பெயர்பெறும். எழுத்தின் மரபை நோக்காது அதன் குறியெண்ணை மட்டும் ஒப்பிடும் செயற்கூறு ‘ஸ்டர்கம்ப்’ எனப்படும். இவ்விரண்டின் வேறுபாடு மேலே கூறப்போவனவற்றிற்கு அடிப்படையாதலின் ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

பிரிவும் மீட்சியும்

ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்தார். எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தை ஆக்குதல் அதன் குறிக்கோள். அதற்குரிய அடிநிரலகத்தை 1980-களின் பிற்பகுதியில் ரோலண்டு மக்கிராத் எழுதத் தொடங்கினார். இதுவே குனு சி நிரலகம். சுருக்கமாக ஜிலிப்சி என வழங்கும்.

லினஸ் டோர்வால்ட்சு 1991-இல் லினக்ஸ் உட்கருவை வெளியிட்டபோது, அதனைச் சூழ்ந்த ஆர்வலர்க்கு உடனே ஓர் அடிநிரலகம் தேவைப்பட்டது. ஜிலிப்சியின் வளர்ச்சி அவர்கள் விரைவுக்கு ஈடாகவில்லை. ஆதலின் அதன் தொடக்க வடிவத்தினின்று ஒரு கிளையைப் பிரித்து, லினக்ஸ் லிப்சி என்னும் பெயரில் தனியே வளர்த்தனர். எச். ஜே. லூ என்பார் அதனைப் பேணினார். அதன் நான்காம், ஐந்தாம் பதிப்புக்களே 1990-களின் முற்பகுதியில் லினக்ஸ் வழங்கல்களில் பெரிதும் பயின்றன.

பிரிந்த கிளை விரைவைத் தந்தது. ஆயின் சில குறைகளையும் உடன் கொணர்ந்தது. எவ்வெப் பகுதியை யார் யார் எழுதினர் என்னும் குறிப்பு ஒழுங்காகப் பேணப்படாமையால், அத்திருத்தங்களைத் தாய்நிரலகத்துடன் மீண்டும் இணைப்பது அரிதாயிற்று. அதற்கிடையே ஜிலிப்சியின் இரண்டாம் பதிப்பு 1997 சனவரியில் வெளிவந்தது. பொதுத்தரங்களோடு கூடுதல் இணக்கம், பல இழைகளில் ஒரு நிரலை இயக்கும் வசதி, புதிய இணைய முகவரி முறை என்பவற்றோடு பன்மொழி வசதியும் அதில் முன்னையினும் சிறந்திருந்தது. லினக்ஸ் லிப்சியின் ஐந்தாம் பதிப்பிற்குப் பின் வந்தமையால் இது லினக்ஸ் உலகில் ‘லிப்சி-6’ என்று பெயர் பெற்றது. அப்பெயர் இன்றும் வழக்கில் உள்ளது.

பின்னர் வழங்கல்கள் ஒவ்வொன்றாக இதனை ஏற்றன. ரெட் ஹாட் 1997 இறுதியில் தன் 5.0 பதிப்பிலும், டெபியன் 1998 சூலையில் தன் 2.0 பதிப்பிலும், சிலாக்வேர் 1999-இல் தன் 7.0 பதிப்பிலும் மாறின. இரண்டாண்டு நிகழ்ந்த இம்மாற்றம் எளிதாக நடைபெறவில்லை; பழைய நிரல்களையும் புதிய நிரல்களையும் ஒரே பொறியில் ஒருங்கே இயக்க வேண்டியிருந்தது. அத்துணை இடருக்கும் உடன்பட்டு அவர்கள் மாறியதன் காரணங்களுள் பன்மொழி வசதியும் ஒன்று என்பது நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. கட்டற்ற இயங்குதளங்களின் வரலாற்றில் அடிநிரலகத் தெரிவும் மொழி வளமும் ஒருங்கே எண்ணப்பட்ட காலம் அது.

டெபியன் கண்ட நடுவழி

தெரிவு ஒருமுறை நிகழ்ந்து முடிவதன்று என்பதற்கு டெபியன் வரலாறு சான்றாகும். ஜிலிப்சியின் தலைமைப் பேணுநராக உல்ரிக் டிரெப்பர் விளங்கிய காலத்தில் அந்நிரலகம் பெருவளர்ச்சி பெற்றது. ஆயினும் சிறு கருவிகளுக்குரிய செயலிகளைப் பற்றிய திருத்தங்கள் எளிதில் ஏற்கப்படுவதில்லை என்னும் முறையீடு வளர்ந்தது. இதனால் ஜிலிப்சியோடு இணக்கம் குன்றாமல், உட்பொதி கருவிகளுக்கு ஏற்ற ஈஜிலிப்சி என்னும் கிளை தோன்றியது. டெபியன் 2009 மே மாதத்தில் இக்கிளைக்கு மாறப் போவதாக அறிவித்தது. பேணுநர் இணக்கமாக நடந்துகொள்வதும், பல்வகைச் செயலிகளுக்கும் இடந்தருவதும், நிலைப்பதிப்புக்களைத் தனியே பேணுவதும் காரணங்களாகக் கூறப்பட்டன. 2011-இலும் 2013-இலும் வந்த டெபியன் பதிப்புக்கள் இக்கிளையின்மேல் அமைந்தன.

இம்மாற்றத்தைப் பயனர் பெரும்பாலோர் உணரவேயில்லை. ஈஜிலிப்சி தாய்நிரலகத்தோடு பொருந்தியே நின்றமையால் நிரல்களை மீண்டும் தொகுக்க வேண்டிய தேவை எழவில்லை. வழக்கமைவுகளும் அவ்வாறே தொடர்ந்தன. ஜிலிப்சியை மேற்பார்த்த நெறிக்குழு 2012-இல் கலைக்கப்பட்டது; பேணும் பொறுப்பு பலரிடம் பகிரப்பட்டது. வேறுபாட்டிற்குக் காரணமாயிருந்த ஆட்சிமுறை மாறவே, கிளையின் தேவையும் நீங்கியது. 2014-இல் டெபியன் ஜிலிப்சிக்கே மீண்டது.

இவ்வரலாற்றினின்று ஓர் உண்மை தெளிவாகிறது. ஒரு நிரலகத்தின் நுட்பச் சிறப்பு மட்டும் தெரிவை முடிவு செய்வதில்லை. அதனைப் பேணுவோர் பிறர் வேண்டுகோளை எவ்வாறு ஏற்கின்றனர் என்பதும் முடிவு செய்கிறது. சுவடியைக் காத்தவரின் மனப்பாங்கு பாட பேதங்களில் தன் சுவட்டை விட்டுச் செல்வதைப் பதிப்பாசிரியர் நன்கறிவர். அதனோடு இது ஒப்புநோக்கத்தக்கது.

சிறுமை நாடிய நிரலகங்கள்

ஜிலிப்சி பெரியது. அதன் பெருமையே சிலருக்குக் குறையாகத் தோன்றியது. வழிச்செலுத்தியும் கைப்பேசியும் போன்ற கருவிகளில் இடமும் நினைவகமும் அருகியே இருந்தன. அவற்றிற்கென யூசிலிப்சி என்னும் சிறிய நிரலகத்தை எரிக் ஆண்டர்சன் முதலியோர் வளர்த்தனர்.

கூகுள் நிறுவனம் ஆண்டிராய்டு தளத்திற்காகப் பயோனிக் என்னும் நிரலகத்தை அமைத்தது. பி.எஸ்.டி. மரபுத் தளங்களின் நிரலகத்திலிருந்து பெரும்பகுதி எடுத்து ஆக்கப்பட்ட இது, 2008-இல் ஆண்டிராய்டுக் கைப்பேசியோடு வெளியுலகிற்கு வந்தது. உரிமத்தில் நெகிழ்வு, உருவிற் சிறுமை, இயக்கத்தில் விரைவு என்னும் மூன்றும் அதனை ஆக்கியதற்குரிய காரணங்களாகக் காட்டப்பட்டன. ஜிலிப்சியின் எல்.ஜி.பி.எல். உரிமம் திருத்தங்களைப் பகிரும் கடமையை விதிப்பது, பி.எஸ்.டி. உரிமம் அக்கடமையை விதிப்பதில்லை.

ரிச் ஃபெல்கர் ஆக்கிய மசல் என்னும் நிரலகம் 2011-இல் முதன்முதல் வெளிவந்தது, அதன் 1.0 பதிப்பு 2014-இல் வந்தது. தெளிவான எழுத்துமுறை, சிறிய உருவம், பொதுத்தரத்தைப் பிறழாமை, எம்.ஐ.டி. உரிமம் என்பன அதன் சிறப்புக்கள். ஆல்பைன் லினக்ஸ் 2014 சூனில் வெளியிட்ட 3.0 பதிப்பில் யூசிலிப்சியை விட்டு மசலுக்கு மாறியது. வழிச்செலுத்திகளில் பயிலும் ஓப்பன்-டபிள்யூ-ஆர்.டி. என்னும் தளமும் 2015-இல் அவ்வழியே சென்றது. ஆல்பைனின் அடிப்படைப் பொதி ஏறத்தாழ 5 மெகாபைட்டு அளவினதே ஆதலின், ஒரு நிரலை அதன் சூழலோடு பொதிந்து அனுப்பும் ‘கண்டெய்னர்’ முறை பரவியபோது வழங்கிகளிலும் மசல் மிகுதியாகப் புகுந்தது. இன்று ஒரு பல்கலைக்கழகத்தின் மின்னூலகமோ சுவடித் தேடுதளமோ, அதனை ஆள்வார் அறியாமலே, இத்தகைய பொதியின்மேல் இயங்கக் கூடும்.

சிறுமைக்கு விலை உண்டு. மசலின் ‘ஸ்டர்கோல்’ மொழி மரபை நோக்குவதில்லை. அது ‘ஸ்டர்கம்ப்’ செய்யும் குறியெண் ஒப்பீட்டையே செய்து விடையளிக்கிறது. 2024-இல் வந்த 1.2.5 பதிப்பிலும் நிலை இதுவே. பயோனிக்கின் செயற்கூறும் அத்தகையதே. இதனை மறைவான குறை எனல் பொருந்தாது. நிரலகத்தை ஆக்கியோர் தம் எல்லையை வெளிப்படையாகவே வகுத்துக்கொண்டனர். ஆங்கிலச் சிறிய எழுத்துக்கள் மட்டும் பயிலும் பட்டியலில் குறியெண் நிரலும் அகர நிரலும் ஒன்றாகவே அமைதலின், அவ்வெல்லையால் வரும் இடரும் பலருக்குப் புலனாவதில்லை. தமிழில் நிலை வேறு.

தமிழ்நாட்டில் நிகழ்ந்த தெரிவு

இனி, இத்தெரிவு நம் நாட்டில் எவ்வாறு நிகழ்ந்தது என்பதனை நோக்குவோம். கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் 2005-இல் சென்னையில் அமைந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஏ.யு.-கே.பி.சி. ஆராய்ச்சி மையமும் சென்னைச் சி-டாக் நிறுவனமும் அதில் பங்கு கொண்டன. அம்முயற்சியின் விளைவாகப் பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்னும் இயங்குதளம் 2007-இல் வெளியிடப்பட்டது. ‘பாஸ்’ எனச் சுருங்கி வழங்கும் இது டெபியனை அடியொற்றியது. தமிழ் முதலிய இந்திய மொழிகளில் பயன்படுத்தத்தக்க இடைமுகம் உடையது. தமிழ்நாட்டரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியாகவும் இது மாணவர் கைகளை எய்தியது.

ஏறத்தாழ 16 ஆண்டுகளுக்குப் பின், 2023 சனவரியில், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சார்பில் வளர்ந்த ஒரு நிறுவனம் பார்-ஓ-எஸ் என்னும் கைப்பேசி இயங்குதளத்தை அறிமுகப்படுத்தியது. இது ஆண்டிராய்டின் திறந்த மூலத்தை அடிப்படையாகக் கொண்டது.

ஒரே நகரில் தோன்றிய இவ்விரு தளங்களும் வேறு வேறு அடிநிரலகங்களின்மேல் நிற்கின்றன. பாஸ் டெபியன் வழிவந்தமையால் ஜிலிப்சி மரபினது. பார்-ஓ-எஸ் ஆண்டிராய்டு வழிவந்தமையால் பயோனிக் மரபினது. எந்தத் தளத்தை மூலமாகக் கொள்வது என்று முடிவு செய்த அளவிலேயே அடிநிரலகம் உடன் வந்து சேர்ந்தது. டெபியனில் 2009-இல் நிகழ்ந்ததும், கூகுளில் 2008-க்கு முன் நிகழ்ந்ததும் நம் பொறிகளில் இவ்வாறு விளைவாகத் தொடர்கின்றன. தமிழ்நாட்டின் அடிநிரலகத் தெரிவு மரபுரிமையாக வந்தது எனலே தகும். மரபுரிமையாக வந்த பொருளின் தன்மையை ஆராய்ந்தறிதல், பெற்றவரின் கடமையாகும்.

ஊர்ப்பெயர்கள் காட்டும் சான்று

தமிழ் எழுத்துக்களின் ஒருங்குறி எண்கள் 1991-இல் வெளிவந்த முதற்பதிப்பில் இந்திய அரசின் ‘இஸ்கி’ என்னும் குறியேற்றத்தைத் தழுவி அமைந்தன. இஸ்கி தேவநாகரியை மையமாகக் கொண்டு பிற இந்திய எழுத்துக்களை அதற்கு இணையாக நிறுத்தியது. இதனால் னகரம் நகரத்தின் அருகிலும், றகரம் ரகரத்தின் அருகிலும், ளகர ழகரங்கள் லகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டன. பத்தடிமான எண்ணில் கூறின், நகரம் 2984, னகரம் 2985, மகரம் 2990, ரகரம் 2992, றகரம் 2993, லகரம் 2994, ளகரம் 2995, ழகரம் 2996, வகரம் 2997 என்னும் இடங்களைப் பெற்றன. புள்ளி எல்லா உயிர்மெய்க் குறிகளுக்கும் பின்னர் 3021 என்னும் இடம் பெற்றது.

இவ்வெண்களைக் கொண்டே அடுக்கும் நிரலகம் தரும் விளைவைப் பெரம்பலூர் வட்டாரப் பெயர்களில் காண்போம். அன்னமங்கலம் என்பதன் இரண்டாம் எழுத்து னகரம், 2985. அரும்பாவூர் என்பதன் இரண்டாம் எழுத்தின் மெய் ரகரம், 2992. ஆதலின் அன்னமங்கலம் முந்துகிறது. இவ்வாறே குன்னம் முன்னும் குரும்பலூர் பின்னும் வருகின்றன. களரம்பட்டி, கவுல்பாளையம் என்னும் இரண்டனுள் ளகரம் முற்பட்டு வகரம் பிற்படுகிறது. இம்மூன்று இணைகளிலும் தமிழ் மரபு இதற்கு நேர்மாறு: அரும்பாவூர், அன்னமங்கலம், குரும்பலூர், குன்னம், கவுல்பாளையம், களரம்பட்டி என்பனவே அகராதியாளர் ஏற்கும் நிரல்.

பிழை இவ்வெழுத்துக்களோடு அமையவில்லை. மெய் முன்னும் உயிர்மெய் பின்னும் வருதல் தமிழ் அகராதி முறை. அம்முறையில் அக்கா என்னும் சொல் அகம் என்பதற்கு முற்பட்டது. குறியெண் நிரலிலோ புள்ளியின் எண் மகரத்தினும் பெரிதாதலின் அகம் முன்னும் அக்கா பின்னும் நிற்கின்றன. புள்ளி பெற்ற எழுத்து வராத தமிழ்ப் பக்கம் இல்லையாதலின், இப்பிழை ஒரு சொல்லடைவின் எல்லாப் பக்கங்களிலும் பரவும். அடைவில் ஒரு சொல்லைத் தேடுவோர் அதற்குரிய இடத்தில் காணாமல், அச்சொல் அந்நூலில் பயிலவில்லை என்று முடிவு செய்யவும் கூடும். சொல்லாட்சியைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் ஆய்வில் இதனால் விளையும் தீங்கு சிறிதன்று.

ஜிலிப்சி இதனை எவ்வாறு நடத்துகிறது? அதில் இந்தியத் தமிழுக்கும் இலங்கைத் தமிழுக்கும் தனித்தனி வழக்கமைவுகள் உள்ளன. நிரலைப் பொறுத்தவரை அது உலகத் தர நிறுவனத்தின் 14651 எண்ணுள்ள அட்டவணையை அடிப்படையாகக் கொண்டது. 2018 ஆகத்தில் வந்த 2.28 பதிப்பு அவ்வட்டவணையின் 2016-ஆம் ஆண்டு வடிவத்தை ஏற்றது. அதில் தமிழ் மெய்கள் நெடுங்கணக்கு முறையிலேயே நிற்கின்றன. யரலவழள என்பவற்றின் பின் றகரமும் னகரமும் வர, வடவெழுத்துக்கள் அவற்றிற்குப் பின் அமைகின்றன. மெய்யும் புள்ளியும் சேர்ந்ததனை ஓரலகாகக் கொண்டு தனியிடம் தரும் விதியை எழுதுவதற்கும் அந்நிரலகத்தின் அமைப்பில் இடமுண்டு. குறையேனும் இருப்பின் அட்டவணையைத் திருத்தித் தீர்க்கலாம். மசலிலோ திருத்துதற்குரிய அட்டவணையே இல்லை. ஈண்டு நாம் காணும் அடிப்படை வேறுபாடு இதுவேயாம்.

தமிழ்நாட்டரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்றபோது, டேஸ்-16 என்னும் குறியேற்றத்தையும் மாற்றுமுறையாக ஏற்றது. ஒவ்வோர் எழுத்திற்கும் தனிக்குறி தந்து நெடுங்கணக்கு நிரலைக் குறியெண்ணிலேயே பதித்தல் அதன் வழி. குறியெண் எவ்வாறிருப்பினும் நிரலை அட்டவணையில் வைத்தல் ஜிலிப்சியின் வழி. இருவழியும் ஒரே இலக்கை நோக்கியனவே. குறியேற்றம் பற்றித் தமிழ்நாட்டில் நெடுங்காலம் நிகழ்ந்த வாதங்களில் பத்தில் ஒரு பங்கேனும் அடிநிரலகம் பற்றி நிகழ்ந்திருப்பின், இரண்டாம் வழியின் பயனும் பலருக்குத் தெரிந்திருக்கும்.

தடையும் விடையும்

ஈண்டுச் சிலர் தடை எழுப்பலாம். அகரநிரல் அடிநிரலகத்தின் வேலையன்று, அதன்மேல் இயங்கும் நிரல்களே அதனைச் செய்துகொள்ளலாம் என்பர். இத்தடை முற்றும் புறக்கணிக்கத்தக்கதன்று. ஐ.சி.யு. என்னும் பன்மொழி நிரலகம் 1999-இல் திறந்த மூலமாக வெளிவந்தது. அடிநிரலகம் எதுவாயினும் அதனைச் சேர்த்துக்கொண்டு மொழிக்கேற்ப நிரல்படுத்தலாம். ஆண்டிராய்டு தன் பயோனிக்கின் குறையை இதனாலேயே நிறைவு செய்கிறது. ஆயின் இவ்வழி, நிரலை எழுதுவார் தமிழை நினைவிற் கொண்டு தனியே முயன்றால் மட்டும் பயன் தரும். அடிநிரலகத்தில் நிரல் இருப்பின், தமிழையே அறியாத ஒருவர் எழுதிய நிரலும் ‘ஸ்டர்கோல்’ என்னும் செயற்கூறை அழைத்த அளவில் தமிழை முறையாக அடுக்கும். முன்னது நினைப்பார் கருணையால் வருவது. பின்னது இயல்பாக அமைவது.

ஜிலிப்சியைக் கொண்ட அளவிலே எல்லாம் சீராகிவிடும் என்று கருதுவதும் தவறு. வழக்கமைவு எதனையும் நிறுவாமல் விடின் அதுவும் குறியெண் நிரலையே தரும். சிறு பொதிகளில் இடத்தைச் சுருக்கும் பொருட்டுத் தமிழ் அமைவை நிறுவாது விடுதல் பெருவழக்கு. நிரலகத்தின் பெயரை அறிதலோடு அமைவின் பெயரையும் அறிதல் வேண்டும்.

மூன்றாவதாக, அட்டவணை மாறும்போது பழைய நிரலுக்கும் புதிய நிரலுக்கும் முரண் எழும். 2018-இல் ஜிலிப்சி தன் அட்டவணையைப் புதுப்பித்தபின், போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் முன்னரே அமைந்திருந்த சொல் அடைவுகள் புதிய நிரலோடு பொருந்தாமல், தரவில் உள்ள சொல்லையே தேடிக் காண இயலாத நிலை பலவிடத்தும் நேர்ந்தது. அடைவுகளை மீண்டும் கட்டுதலே அதற்கு மருந்தாயிற்று. சிறிய நிரலகங்களை விரும்புவோர் இதனை எடுத்துக்காட்டி, மாறாத குறியெண் நிரலே பாதுகாப்பானது என்பர். பொறியின் உள்வேலைக்கு அது பொருந்தும். படிப்போர் கண்முன் வரும் பட்டியலுக்குப் பொருந்தாது. நிலைபேறு கருதிப் பிழையை நிலைபெறச் செய்தல் நூலறிவுக்கு உடன்பாடாகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. அடிநிரலகத்தைத் தெரிவு செய்தோர் விரைவு, உருவளவு, உரிமம், பேணுநரின் இணக்கம் என்பவற்றை அளவுகோலாகக் கொண்டனர். 1997-ஐ ஒட்டிய மாற்றத்தில் பன்மொழி வசதி அவ்வளவுகோல்களுள் ஒன்றாக இருந்தது. 2008-க்குப் பின் பரவிய சிறு நிரலகங்களில் அது பின்தள்ளப்பட்டது. தமிழ்நாட்டில் ஆக்கப்பட்ட தளங்கள் தம் மூலத்தளங்களின் தெரிவையே பெற்றுக்கொண்டன. இதன் விளைவு அரும்பாவூருக்கும் அன்னமங்கலத்திற்கும் பட்டியலில் உரிய இடம் எது என்பது வரை வந்து சேர்ந்துள்ளது.

தமிழ்த்துறைகள் இதன்பொருட்டு நிரலகம் எழுதப் புக வேண்டியதில்லை. மூன்று செயல்கள் அவற்றின் எல்லைக்குள் அடங்குவன. சொல்லடைவோ ஊர்ப்பெயர்த் தொகுதியோ வெளியிடுவோர், அது எந்நிரலின்படி அடுக்கப்பட்டது என்பதனை முகவுரையில் குறித்தல் ஒன்று. மேற்காட்டிய மூன்று இணைகளையும் அக்கா, அகம் என்னும் சொற்களையும் ஒத்த ஒரு சிறு சோதனைப் பட்டியலைக் கொண்டு, தம் துறையின் கணிப்பொறியை அச்சிற்கு முன் ஆராய்தல் மற்றொன்று. ஜிலிப்சியின் தமிழ் வழக்கமைவில் காணும் குறைகளை இலக்கணச் சான்றோடு அதனைப் பேணுவோர்க்கு எழுதுதல் மூன்றாவது. அந்நிரலகம் எவரும் படிக்கவும் திருத்தம் அனுப்பவும் திறந்துள்ளது. நெடுங்கணக்கு மரபைச் சான்றுடன் எடுத்துரைக்க வல்லவர் தமிழ்ப் புலவரே. அவர் கூறாது விடின் அவ்வட்டவணையைத் தமிழறியாதார் தம் கருத்துக்கேற்ப நிரப்புவர். அதன்படியே நம் மாணவர் அகராதி பார்ப்பர்.